ஃப்ரிட்ஜ் கதவில் பதினொரு நாய்கள்

கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. எடை அளவுத் துறையில் ஆய்வாளர். எந்தக் கடைக்குப் போனாலும் தோல்பெட்டியைத் திறந்து, பித்தளை எடைக்கற்களை வரிசையாக எடுத்து வைத்து, கடைக்காரரின் தராசைப் பார்க்கும் முன் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்ப்பார். பாதிப்பேர் அதிலேயே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அவர் எதிரே இல்லாதபோது மனைவியும் இரண்டு மகள்களும் அவரை அப்படித்தான் சொன்னார்கள்.

ஆகவே, நாய் வேண்டும் என்று மகள்கள் மூன்று மாதமாக நச்சரித்து, அவர் ஒருவழியாகத் தலையாட்டிய ஞாயிற்றுக்கிழமை, அடுத்து ஒரு பட்டியல் வரப்போகிறது என்று மனைவிக்குத் தெரிந்தே இருந்தது. வந்தது. பெரிய வெள்ளை அட்டை. இடப்பக்கம் பதினொரு நாய் இனங்கள். மேலே எட்டுத் தலைப்புகள்: வீட்டின் அளவுக்குப் பொருத்தம், குழந்தைகளோடு பொறுமை, குரைப்பு, முடி உதிர்தல், தேவையான ஓட்டம், பழக்குவது, உடல்நலம், தனியே இருப்பது. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்; தொல்லை குறையக் குறைய மதிப்பெண் கூடும். மூன்று புத்தகங்களைப் புரட்டி, ஒரு கால்நடை மருத்துவரைத் தொல்லைப்படுத்தி, அவரே பென்சிலால் கட்டங்களை நிரப்பி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"சனிக்கிழமை சாயங்காலம் கூட்டுவோம். எது முதல்ல வருதோ அதுதான். யாருக்காவது மாத்தணும்னா காரணத்தோட என்கிட்ட சொல்லணும்," என்றார்.

"நமக்குப் புடிச்சதுக்கு மார்க் இல்லையாப்பா?" என்று சின்னவள் கேட்டாள். அவளுக்கு எட்டு வயது.

"புடிச்சதை எப்படிம்மா அளக்கிறது?"

மனைவிக்கு நாயே வேண்டாம். ஆனால் மூன்று ஓட்டுக்கு எதிரே ஒரு ஓட்டு என்ன செய்யும்? மீன்தொட்டி வந்தபோது தண்ணீர் மாற்றியது யார் என்று அவளுக்கு மறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்காக வளர்த்த அவரைச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியதும், விடுமுறை முடிவதற்குள் அதற்கு ஒரு பெயர் வைத்துப் பேசிக்கொண்டிருந்ததும் அவள்தான். நாய் வந்தால் விடியற்காலையில் இரண்டு மாடி இறங்கித் தெருவில் நிற்கப்போவதும் அவளே. வருவது வரட்டும், இருப்பதிலேயே குறைவான நாயாக வரட்டும் என்று தீர்மானித்தாள். பட்டியலில் பக் என்று ஒன்று இருந்தது. சப்பை மூக்கு, குட்டைக் கால். நடக்கச் சொன்னால் உட்காரும், உட்காரச் சொன்னால் படுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அந்த நாயின் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அவள் வேலை செய்தது ஓர் அச்சகத்தில், மெய்ப்புப் பார்ப்பவளாக. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்கள், ரயில் நேர அட்டவணைகள் எல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். ஒரு சைபர் கூடினால் ஒரு நோயாளி போய்விடுவார் என்பதால், பன்னிரண்டு வருஷமாக எண்களை ஒற்றை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தவள். எந்த எண் எந்த எண்ணாக மாறும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூன்றின் திறந்த வாயை மூடினால் எட்டு. ஐந்தின் அடியைச் சுருட்டினால் ஆறு.

திங்கட்கிழமை காலை பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள், மூடும்போது பக்கின் உடல்நலத்துக்கு இருந்த மூன்றை எட்டாக்கினாள். இரண்டு விநாடி வேலை. பஸ் நிறுத்தம் வரைக்கும் காது சூடாக இருந்தது. குற்ற உணர்ச்சி என்று நினைத்தாள். பஸ் ஏறிய பிறகுதான் அது சந்தோஷம் என்று தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் பக்கின் பொறுமைக்கு இருந்த எட்டு, மூன்றாகியிருந்தது. எட்டின் இடப்பக்கத்தை யாரோ அழகாக அழித்திருந்தார்கள். ஃப்ரிட்ஜுக்குக் கீழே தரையில் ரப்பர் துகள். குனிந்து மோந்தாள். ஸ்ட்ராபெரி வாசனை. பெரியவளின் பென்சில் பெட்டியில் மட்டுமே இருக்கிற ரப்பர். பெரியவளுக்கு வயது பதின்மூன்று, மனமெல்லாம் நீலக்கண் ஹஸ்கி. தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓட வேண்டிய அந்த நாய்க்கு, ஓட்டம் என்ற கட்டத்தில் இப்போது ஒன்பது இருந்தது.

மகளைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாம். கண்டித்தால், 'உனக்கு எப்படிம்மா தெரியும்?' என்று கேட்பாள். ஆகவே அம்மா பேசாமல் ஒரு ரப்பரை எடுத்து ஹஸ்கியின் ஒன்பதைத் துடைத்துவிட்டு, தராசின் கையெழுத்திலேயே இரண்டு போட்டாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் இதுவரை இல்லாத ஒழுங்கு வந்தது. பாலைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்க மகள்கள் போட்டி போட்டார்கள். "நான் வைக்கிறேன்மா." "வேணாம், நீ உக்காரு, அக்கா வைக்கிறேன்." தராசு இதைப் பார்த்துவிட்டு, நாய் வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அலுவலகத்தில் சொல்லிப் பெருமைப்பட்டார். பாவம் லாப்ரடார். ஞாயிற்றுக்கிழமை அறுபத்திரண்டு மதிப்பெண்ணோடு முன்னால் நின்றது. அதன்மேல் யாருக்கும் பகை இல்லை. முன்னால் நின்றதுதான் அதன் தப்பு. புதன்கிழமைக்குள் ஆளாளுக்குக் கொத்தி அதை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

வியாழக்கிழமை சின்னவள் மாட்டிக்கொண்டாள். அவள் ஆசைப்பட்டது பொமரேனியன். பொறுமைக்குப் பன்னிரண்டு போட்டிருந்தாள்.

"பத்துக்கு எப்படிம்மா பன்னெண்டு வரும்?" என்று தராசு கேட்டார்.

"ரொம்பப் பொறுமைப்பா."

அவர் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அளவு என்றால் என்ன, ஒருவர் பொய்யாக ஒரு கிராம் கூட்டினால் ஊரே எப்படிக் கெடும் என்று அரைமணி நேரம் விளக்கினார். அவள் அழுதுவிட்டுப் பன்னிரண்டை அழித்தாள். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று கொண்டாள். பெரியவள் வரலாற்றுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தராசு கால்குலேட்டரில் இரண்டு முறை கூட்டினார். கடைசி இடத்திலிருந்து தொடங்கி, ஆறு இனங்களை வேகமாகப் படித்துத் தள்ளினார். ஹஸ்கி நாற்பத்து நாலு. லாப்ரடார் நாற்பத்தாறு. பொமரேனியன் நாற்பத்தொன்பது. அதுவரைக்கும் முகத்தைச் சாதாரணமாக வைத்திருந்த அவர் மனைவி, பக் ஐம்பத்திரண்டு என்றதும் நாற்காலியில் நிமிர்ந்தாள். மீதி இனங்களெல்லாம் முன்பே கழிந்திருந்தன. ஒன்றே ஒன்று பாக்கி.

"கிரேட் டேன், ஐம்பத்து நாலு," என்றார் தராசு.

மூவரும் அட்டையின் கடைசி வரியை எட்டிப் பார்த்தார்கள். கிரேட் டேனை யாருமே கணக்கில் எடுக்கவில்லை. பதினோராவது வரி நிரம்பவேண்டுமே என்று போட்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

"கன்னுக்குட்டி மாதிரி இருக்குமே, அதுவா?" என்றாள் மனைவி.

"அமைதியான நாய். குரைக்காது. குட்டை முடி. வீட்டுக்குள்ள பாதி நேரம் தூங்கும். எண்ணே சொல்லுதே, நாம என்ன பண்ணமுடியும்?" என்றார். தீர்ப்புச் சொன்ன நீதிபதிபோல் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

மறுநாளே ஒரு விலாசமும் கிடைத்தது. ஓய்வு பெற்ற பல் டாக்டர் அம்மா ஒருவர், முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தன் ஐந்து வயது கிரேட் டேனை நல்ல குடும்பமாகப் பார்த்துக் கொடுக்க நினைத்தார். இவ்வளவு சீக்கிரம் விலாசம் எப்படிக் கிடைத்தது என்ற சந்தேகம் மனைவிக்கு வேனில் போகும்போது வந்தது. கேட்கவில்லை.

டாக்டர் அம்மா ஊன்றுகோலோடு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பட்டாணி, வா," என்றார். பட்டாணி வந்தது. சாம்பல் நிறம். சின்னவளின் தோள் உயரம். ஒவ்வொரு காலையும் எங்கே வைப்பதென்று யோசித்து வைப்பதுபோல் நடந்தது. சின்னவள் அக்காவுக்குப் பின்னால் போனாள், அக்கா அம்மாவுக்குப் பின்னால் போனாள்.

தராசு அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "அறுபத்திரண்டு கிலோ," என்றார்.

"அறுபத்தொண்ணு," என்றார் டாக்டர்.

"சாப்பிட்டாச்சா?"

"இப்பதான்."

"அப்ப சரி," என்றார் தராசு.

டாக்டர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "காலையில இவனை யாரு வெளியில கூட்டிட்டுப் போவீங்க?"

"நாங்கதான்," என்று மகள்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

"நாப்பது வருஷமா 'ரெண்டு வேளையும் பல் தேய்க்கிறேன் டாக்டர்'னு சொன்னவங்களைப் பாத்தவ நான். இப்ப உண்மையைச் சொல்லுங்க."

மகள்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு இருவர் கண்ணும் மெதுவாக அம்மா பக்கம் போயின. தராசின் கண்ணும் போயிற்று. டாக்டர், "ம், புரியுது," என்றார்.

தாங்கள் எவ்வளவு பொறுப்பானவர்கள் என்று காட்ட, தராசு அட்டையைக் கையோடு கொண்டு வந்திருந்தார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மனைவியின் கையில் கொடுத்தார். அதேநேரம் பட்டாணி நடந்து வந்து அவள் இடுப்பில் பக்கவாட்டாகச் சாய்ந்தது. தள்ளவில்லை, முகரவில்லை. அலுத்துப்போனவர் தூணில் சாய்வதுபோல் சாய்ந்து, பெருமூச்சு விட்டு, அவள் முழங்கையில் எச்சிலைத் தேய்த்தது.

"புடிச்சவங்க மேலதான் சாய்வான்," என்றார் டாக்டர்.

அவளால் நகர முடியவில்லை. வேறு வேலை இல்லாததால் கையிலிருந்த அட்டையைப் படித்தாள். எண்ணைக் கண்டால் விரல் தானாகப் போகும். கிரேட் டேன், வீட்டின் அளவுக்குப் பொருத்தம், ஏழு. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"கையெல்லாம் எச்சில். குழாய் எங்கங்க?" என்று கேட்டு, நாயை மெல்ல நகர்த்திவிட்டு, அட்டையோடு சுவரோரம் இருந்த குழாய்க்குப் போனாள். போகும்போது கணவரையும் கண்ணால் கூப்பிட்டாள்.

"ஏங்க, இந்த ஏழு யாரு போட்டது?"

"எந்த ஏழு?"

"ரெண்டு ரூம் வீட்டுக்கு இவ்வளவு பெரிய நாய், பத்துக்கு ஏழு பொருத்தமாம்."

"நம்ம ஹால் கொஞ்சம் பெரிசுதானே."

"உங்க ஏழு எல்லாம் சாஞ்சு நிக்கும். இது முதுகு நிமிந்து நிக்குது. இது ஒண்ணாப் பொறந்து, தலையில கோடு வாங்கின ஏழு. நடுவுல குறுக்குக் கோடு வேற. நம்ம வீட்டுல ஏழுக்குக் குறுக்குக் கோடு போடறது நீங்க ஒருத்தர்தான்."

தராசு சோப்பை எடுத்தார். அவர் கையில் எச்சில் இல்லை. இருந்தாலும் இரண்டு முறை தேய்த்துக் கழுவினார். காது சிவந்திருந்தது.

"நான் பள்ளிக்கூடம் போற வழியில ஒரு வீட்டுல இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. கேட்டுக்கு மேல தலையை வச்சுட்டு நிக்கும். தினமும் அது காதைத் தொட்டுட்டுத்தான் போவேன். பரீட்சை அன்னிக்கு ரெண்டு காதையும்," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "எனக்குப் புடிச்சிருக்குன்னா யாரு ஒத்துப்பீங்க? பட்டியல் சொன்னா ஒத்துப்பீங்கன்னு நினைச்சேன்."

அவள் மனதுக்குள் ஆறைக் கழித்தாள். நாற்பத்தெட்டு. ஆக, பக்தான் ஜெயித்திருக்கவேண்டும். அந்த பக் ஜெயிப்பதற்கு அவள் ஒன்பது கட்டங்களில் கை வைத்திருந்தாள் என்பதைச் சொல்ல இது சரியான நேரமாகத் தோன்றவில்லை.

"வியாழக்கிழமை சின்னவளை அழவச்சீங்களே," என்றாள்.

"தெரியும்."

"அவகிட்ட இதைச் சொன்னா என்ன ஆகும்?"

தராசு குழாயை மூடினார். தான் பிடித்த எத்தனையோ கடைக்காரர்களின் முகம் அப்போது அவர் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, தித்திப்பாகவும் இருந்தது.

"காலையில அஞ்சரைக்கு நீங்க. மழையா இருந்தாலும் நீங்க. லீவு நாள்லயும் நீங்க," என்றாள்.

"சாயங்காலம்?"

"பிள்ளைங்க. வராத அன்னிக்கு அதுவும் நீங்க."

திரும்பி வந்ததும் டாக்டர், "காலையில யாருன்னு முடிவாச்சா?" என்று கேட்டார். "நான்தாங்க," என்றார் தராசு. அதைச் சொன்ன குரலில் அவ்வளவு வருத்தம் இருந்ததால் டாக்டர் உடனே நம்பிவிட்டார்.

பட்டாணி அந்த வாரமே வீட்டுக்கு வந்தது. சோபா முழுசும் அதற்குப் போயிற்று. நால்வரும் தரையில் உட்கார்ந்து அதன்மேல் சாய்ந்து டிவி பார்த்தார்கள். சமையல் மேடை அதன் தாடை உயரம் என்பதால் ரொட்டியை அலமாரியின் உச்சியில் வைக்கப் பழகினார்கள். ஹஸ்கியைப் பற்றிப் பேசுவதைப் பெரியவள் நிறுத்தினாள். சின்னவள் அதன் காதுக்குள் ரகசியம் சொன்னாள். அதுவும் பன்னிரண்டு மதிப்பெண் பொறுமையோடு கேட்டுக்கொண்டது. தராசு ஐந்தரைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு மாடி இறங்கினார். ஒரு நாளும் குறை சொல்லவில்லை. தெருமுனையில் அதன் இரண்டு காதையும் பிடித்தபடி அவர் நிற்பதை ஜன்னலிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள்.

ஒன்றரை மாதம் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. வேறு வழியில்லாமல் அவள் பட்டாணியின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். பத்து வருஷமாக அவள் நடக்கிற தெரு. ஒதுங்குவதும் வழிவிடுவதும் எப்போதும் அவள்தான். அன்றைக்குத் தெரு அவளுக்கு ஒதுங்கியது. நடைபாதையில் வண்டியை ஏற்றி நிறுத்துகிற பால்காரர், கேட்காமலே இறக்கிக் கொண்டார். தினமும் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிற மேல்வீட்டு வக்கீல், "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று நின்று விசாரித்தார். பட்டாணி அவர்மேல் சாயப் போனது. அவள் பட்டையை இழுத்துவிட்டு, "எல்லார்மேலயும் சாயமாட்டான் சார்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை தராசுக்கு உடம்பு தேவலை. எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நெற்றி ஜில்லென்று இருந்தது.

"இன்னும் சுடுதுங்க. பேசாம படுங்க," என்று போர்வையை இழுத்து மூடிவிட்டு, பட்டாணியைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள்.