ஒரு வெடிக்கு ஒரே துடைப்பு

துப்பாக்கிச் சங்கத்தின் போட்டியில் பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சுடத் தொடங்கிய ஐந்து குண்டுகளும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கே மண்மேட்டில் பாய்ந்துவிட்டிருந்தன. மேட்டில் புல் அறுத்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஐந்து தடவை சத்தம் கேட்டதாகவும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அறுத்ததாகவும் சொன்னார். தோண்டிப் பார்த்தபோது ஐந்தும் ஒரே குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அப்படி ஒரு குறியைச் சங்கத்தில் அதுவரை யாரும் கண்டதில்லை. ஆனால் சனிக்கிழமை இலக்குப் பலகை மாட்டுவது வழக்கமில்லை. முதல் ஊதலுக்கும் கடைசி ஊதலுக்கும் நடுவே பலகையில் விழும் துளைதான் செல்லும். நடுவராக இருந்த கசாப்புக்கடைக்காரர் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு பூஜ்ஜியத்தைப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அது வாய் வழியாக மருந்தையும் ஈயக்குண்டையும் போட்டு, நீளக் கம்பியால் இடித்து நிரப்பும் பழைய மாதிரித் துப்பாக்கி, அவளுடைய புகுந்த வீட்டுச் சொத்து. கல்யாணமான மூன்றாம் நாள் கணவர் அதை அவள் கையில் கொடுத்துச் சுடச் சொன்னார். வெடித்ததும் புகைக்குள் நின்றுகொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து, "கொஞ்சம் பெருசா தெறங்க, வலிக்கவே வலிக்காது" என்று கிசுகிசுத்தே காலம் தள்ளியவளுக்கு அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டது போலிருந்தது. உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆரவாரம் அதுதான். அதை இழப்பதைவிட இரண்டு கடைவாய்ப் பல்லை இழக்கலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள், அதுவும் பல்லைப் பற்றி எல்லாம் தெரிந்தவள்.

தொழில் புத்தி யாரை விட்டது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத்துணியால் இரண்டு தடவை, உலர்ந்த துணியால் இரண்டு தடவை குழலைத் துலக்கி, வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியைத் துப்பாக்கியின் வாயிலும் விட்டு, கரி துளிகூட இல்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த மருந்தைப் போடுவாள். குழல் பளபளத்தது. பளபளத்த குழலில் குண்டுக்குப் பிடிப்பே இல்லாததால் அது வழுக்கிக்கொண்டு முந்தின நாளுக்கே போய்விட்டது. இது எப்படி நடக்கும் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எந்த விதியின் கீழ் இதைச் சேர்ப்பது என்பதில்தான் இரண்டு வாரம் பேச்சு நடந்தது.

அதே வீட்டில் இருந்த நாத்தனார் நேர்மாறு. ரொட்டிக்கடை வைத்திருந்த அவர் இருபத்திரண்டு வருஷமாக இரும்புத் தட்டுகளில் தண்ணீரே படவிடாதவர். இரும்பைக் கழுவினால் அதன் குணம் போய்விடும் என்று அடித்துச் சொல்வார். அடுத்த ஆண்டுப் போட்டிக்குத் துப்பாக்கியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் துணியைக் கிட்டவே கொண்டுபோகாமல் சுட்டுப் பழகினார். குழலுக்குள் கரி அடையாக ஏறியது. குண்டை உள்ளே இறக்கவே இரண்டு பேர் கம்பியில் தொங்க வேண்டியிருந்தது. போட்டியன்று அவர் சுட்ட ஐந்தும் அடுத்த வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. அதில் ஒன்று, சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவரின் வாளியைத் துளைத்தது. அவர் துளையில் சோப்பை அப்பிவிட்டு மிச்சச் சுவரையும் அடித்து முடித்தார். பதிவேட்டில் இரண்டாவது பூஜ்ஜியம் விழுந்தது.

மூன்று ஆண்டு தொடர்ந்து பூஜ்ஜியம் வாங்கிய துப்பாக்கியின் வாயில் ஈயம் காய்ச்சி ஊற்றி, சங்கத்தின் சுவரில் மாட்டிவிடுவார்கள். ஓட்டையை அடைப்பதில் ஊரிலேயே கை தேர்ந்தவள் டாக்டர்தான் என்பதால், தேவைப்பட்டால் அதை அவளே செய்து தரும்படி மரியாதையாகக் கடிதம் எழுதியிருந்தார்கள். கடிதத்தைப் படித்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. அன்று வந்த முதல் நோயாளியின் நல்ல பல்லில் பஞ்சை வைத்துவிட்டு, சொத்தைப் பல்லுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டாள்.

வழி காட்டியது கணவர்தான். ரயில் நிலையத்தில் வண்டிகள் வந்து போவதை ஒலிபெருக்கியில் அறிவிக்கிற வேலை அவருக்கு. முன்னால் வருவதும் பின்னால் வருவதும் அவருக்குப் புதிதல்ல. வேலி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மனைவியும் அக்காவும் சுடச் சுட, குண்டுகளுக்கு ஓர் அட்டவணை தயாரித்தார். சுத்தமான குழலில் முதல் வெடி பதினெட்டு மணி நேரம் முன்கூட்டியே வருகிறது. துடைக்காமல் சுட்டால் இரண்டாவது மூன்று மணி நேரம் முன்னால். மூன்றாவது, சுட்ட அதே நொடியில். நான்காவதிலிருந்து தாமதம்.

"மூணாவது வெடிதான் சரியான டயம். குழல் எப்பவும் மூணாவது வெடிக்கு இருக்கிற மாதிரியே இருக்கணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது" என்று அவர் சொன்னதும் டாக்டருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள். அன்று தொடங்கிப் பதினோரு நாள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. கடைசியில், மூன்றாவது வெடிக்குப் பிறகு ஒவ்வொரு வெடிக்கும் ஒரே ஒரு துடைப்பு, அதுவும் பிழிந்தால் சொட்டாத ஈரத்தில், என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஈரம் டாக்டருக்குக் கைவரவில்லை. மாவின்மேல் போர்த்தும் துணியை ஆயுசு முழுக்கப் பிழிந்த நாத்தனாருக்குத்தான் வந்தது. ஆனால் அவரால் துடைக்க முடியவில்லை. இரும்பில் துணி பட்டாலே கை பின்னுக்கு இழுத்தது. ஆக, அவர் பிழிந்து தர, இவள் துடைப்பது என்று முடிவாயிற்று. எட்டு வருஷம் எலியும் பூனையுமாக இருந்த இரண்டு பேரும் ஒரே துணியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அண்டை வீட்டார் மாடியில் ஏறிப் பார்த்தார்கள்.

மூன்றாம் ஆண்டுப் போட்டிக்கு முந்தின நாள் மாலை மூவரும் மண்மேட்டுக்குப் போய்க் காத்திருந்தார்கள். ஊதலுக்கு முன்னால் கணக்கில் வராத இரண்டு வெடி வெடித்துப் பார்க்க அனுமதி உண்டு. அதில் முதலாவது அன்று மாலையே வந்தாக வேண்டும். மூன்று நாற்பதுக்குத் தொப்பென்று மண் தெறித்தது. டாக்டர் துள்ளிக் குதித்தாள். நாளைக் காலை ஒன்பது நாற்பதுக்கு முதல் வெடி தப்பாமல் வெடிக்கப் போகிறது என்று அர்த்தம். மறுநாள் விடிந்து பலகை மாட்டியதும், ஆறு ஐம்பதுக்கு இரண்டாவது குண்டு நட்டநடுவில் துளை போட்டது. எல்லாம் அட்டவணைப்படி.

எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு இன்னொரு துளை விழுந்தது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கணவர் தாளைப் புரட்டிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். துடைப்பு ஒன்று கூடினால் குண்டு இரண்டு மணி நேரம் முன்னால் வரும் என்பது அந்தப் பதினோரு நாளில் பார்த்த கணக்கு; அப்படியென்றால் ஒன்றுதான் பொருள்: பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு வெடிக்கு இரண்டு துடைப்பு விழப்போகிறது.

"நீதான். ஒன் கை சும்மா இருக்குமா?" என்றார் நாத்தனார்.

"நான் இன்னும் துடைக்கவே இல்லையே அண்ணி!"

"தொடைக்கப் போறே இல்ல?"

டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்தில் ஒன்று சுடுவதற்கு முன்பே போய்விட்டது. அப்போது நாத்தனார் விறுவிறுவென்று நடுவரிடம் போய் விதியை உரக்கப் படிக்கச் சொன்னார். இரண்டு ஊதலுக்கு நடுவே ஐந்து துளை என்றுதான் இருந்தது. ஐந்து வெடி என்று எங்கும் இல்லை. இருப்பது முப்பது நிமிடம், ஒரு வெடிக்கு ஐந்து நிமிடம். ஆறு வெடிக்குச் சரியாக இருக்கும். "தப்பு பண்றதுன்னு ஆயிடுச்சு. பண்ணிட்டு இன்னொண்ணு சுடு" என்றார். அந்தப் பெண்மணி எட்டு வருஷத்தில் சொன்ன முதல் ஆறுதல் வார்த்தை அதுதான், அதையும் அதட்டலாகத்தான் சொன்னார்.

பத்து மணிக்கு ஊதினார்கள். முதல் குண்டு நடுவில் விழுந்தது. இரண்டாவது அதை உரசிக்கொண்டு விழுந்தது. கூட்டம் கத்தியதில் டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில் மூன்றாவதுக்குக் குழலைத் துடைத்து, தன்னையறியாமல் இன்னொரு தடவையும் துடைத்து, மருந்து போட்டு, இடித்துச் சுட்டாள். புகை விலகியது. பலகையில் புதிதாக எதுவும் இல்லை. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பத்து பன்னிரண்டு. "அப்பாடா, அது முடிஞ்சுது!" என்று டாக்டர் கூவியதும் கூட்டமே சிரித்துவிட்டது. தப்பு நடந்து தீர்ந்துவிட்டது, இனிமேல் பயமில்லை. நான்காவது வெடி விழுந்தது, ஐந்தாவது விழுந்தது. புதிய துளைகள் நான்கும் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கின.

ஆறாவதுக்கு நாத்தனார் துணியைப் பிழிந்து நீட்டுவதற்குள் வெயில் அதன் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. மறுபடி நனைக்க நேரமில்லை. காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்து, பத்து இருபத்தெட்டுக்கு டாக்டர் சுட்டாள். துளை விழவில்லை. கணவர் தாளை மேலும் கீழும் பார்த்தார். "காஞ்ச துணிக்கு என் அட்டவணையில எதுவும் இல்ல. தாமதம்தான். எவ்வளவுன்னு தெரியல" என்றார்.

இருநூறு பேர் ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நோயாளிகள் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரொட்டி வாங்க வந்தவர்கள் பையோடு நின்றார்கள். ஒரு நிமிடம் போயிற்று. டாக்டர் தன் கையை நாத்தனாரின் கை இறுக்கிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்; இரண்டு கையும் முழங்கை வரை கரியாக இருந்தன. ஒன்றரை நிமிடம். வந்துவிடு, வந்துவிடு, என் கண்ணல்லவா என்று அவள் வாய்விட்டே கெஞ்சினாள். கசாப்புக்கடைக்காரர் ஊதலை வாயில் வைத்து, கன்னம் உப்ப மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சு வெளியே வருவதற்குள் டக்கென்று பலகை ஆடியது.

ஊதல் சத்தத்துக்கு மேலே கணவர் கையைக் குவித்து, பழக்க தோஷத்தில் தன் வேலைக் குரலிலேயே, ஆறாவது குண்டு ஒரு நிமிடம் ஐம்பத்தொன்பது வினாடித் தாமதத்துடன் வந்து சேர்ந்தது என்று அறிவித்தார். நடுவர் நகத்தளவு இடத்தில் ஐந்து புதிய துளைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதினார். ஜனங்கள் வண்டி வந்துவிட்ட நிம்மதியில் பைகளைத் தூக்கிக்கொண்டு, குழந்தைகளை அழைத்துக்கொண்டு நகரத் தொடங்கினார்கள். டாக்டர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் துப்பாக்கியை மார்போடு அணைத்தபடி நின்றாள். நாத்தனார் அவள் கையை விடவில்லை.

"வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வை. துரு ஏறறதுக்கு முன்னாடி நல்லாக் கழுவிடணும்" என்றார் அவர்.