முன்வரிசையின் இரண்டு டெஸ்க்குகள்

அந்த வெள்ளைச் சட்டையின் கைக்கு மூன்றாவது முறையாகச் சோப்புப் போட்டாள் அம்மா. துணிக்கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்த கால்கள் உட்காரச் சொல்லிக் கெஞ்சின. வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் மகளின் பள்ளிச் சட்டை வாளியில் காத்துக்கொண்டிருந்தது. முழங்கைக்குக் கீழே, எழுதும்போது மேஜையில் ஊன்றும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. நேற்றும் இதே இடம், முந்தாநாளும் இதே இடம்.

"எங்கதான் போய்ப் பொரளுறியோ! உன் சட்டையத் தோச்சுத் தோச்சே என் கை தேஞ்சு போகும் போலிருக்கு."

மகள் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். 'நான் ஒண்ணும் பண்ணலம்மா' என்று ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அலுத்துவிட்டது. பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்துத் தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து, ஓரிடத்தில் உரிந்தும் போயிருந்தது.

அந்த நேரத்துக்கு அப்பா வந்தார். மரச் சாமான்களுக்குச் சாயம் ஏற்றி பாலிஷ் போடுவது அவர் தொழில். அவர் கை இரண்டும் மணிக்கட்டு வரை எப்போதும் பழுப்புதான். அதை யாரும் அழுக்கு என்று சொன்னதில்லை. அது தொழில். பெரியவர்கள் கையில் இருந்தால் தொழில், குழந்தை சட்டையில் இருந்தால் அழுக்கு. உலகம் அப்படித்தான் கணக்குப் போடுகிறது.

"ஏன் பாப்பா இப்படித் தேய்க்கிற? புண்ணாயிடும்."

"டீச்சர் தெனமும் சட்டையப் பாக்குறாங்கப்பா. அழுக்கா இருந்தா மொத பீரியட் பூரா பின்னாடி போய் நிக்கணும். நான் தெனமும் நிக்கிறேன்." அழக்கூடத் தெம்பில்லாதவள் போலச் சொன்னாள். "முன்னாடி ரெண்டு டெஸ்க்ல உக்கார்ற நாலு பேரு சட்ட மட்டும் வெள்ளையா இருக்கு. அவங்களப் பாத்துக் கத்துக்கோங்கன்னு டீச்சர் சொல்றாங்க. அவங்க வீட்ல மட்டும் என்ன சோப்புப்பா?"

"நீங்களே பாருங்க, எது போட்டாலும் போக மாட்டேங்குது" என்று அம்மா ஈரச் சட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள்.

பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழுப்புக் கறையைச் சுற்றி விளிம்பில் மெல்லிய இளஞ்சிவப்பு. கடையில் வாங்கிய பழுப்புப் பொடி கொஞ்சம் பச்சையடித்தது என்று ஒரு சிட்டிகை சிவப்பைக் கலந்தவர் அவர்தான். அந்த நிறம் வேறு எவரிடமும் கிடையாது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரிவது போல அது அவருக்குத் தெரிந்தது.

"உங்க க்ளாஸ்ல புது டெஸ்க்கா பாப்பா?"

"வந்தன்னைக்கே சொன்னேனேப்பா. நீதான் 'ம்'னு சொல்லிட்டுப் படுத்துட்ட."

சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவர் அவ்வளவு களைத்திருந்தார்.

நூற்றிருபது டெஸ்க்குகள். பள்ளிக்கூடங்களுக்கு என்று மட்டும்தான் கான்ட்ராக்டர் சொன்னார், எந்தப் பள்ளி என்று இவரும் கேட்கவில்லை. வெளிறிய, மலிவான மரம். அதற்கு நல்ல மரத்தின் நிறம் வர வேண்டும். சாயம் பெயின்ட் போல மேலே உட்காராது, மரத்துக்குள் இறங்கும். இறங்கியதை வெளியே வரவிடாமல் காப்பது மேலே போடும் பூச்சு. தண்ணீரில் கரைத்த சாயம் என்றால் காய ஒரு நாள் வேண்டும். ஸ்பிரிட்டில் கரைத்தால் கை துடைப்பதற்குள் காய்ந்துவிடும். திங்கட்கிழமை செக்கிங் என்று கான்ட்ராக்டர் கழுத்தைப் பிடித்தார். எனவே ஸ்பிரிட் சாயம்.

அதுவரை குற்றமில்லை. ஸ்பிரிட் சாயத்துக்கு மேல் எண்ணெய் வார்னிஷ் போட்டால் சாயம் அசையாது. ஆனால் நூற்றிருபதுக்கும் வார்னிஷ் போட்டுக் காயக் கூடுதல் நாள் பிடிக்கும். கிடங்கில் நிறைய இருந்ததோ ஸ்பிரிட் பாலிஷ். அதைப் போட்டால் பாலிஷில் இருக்கும் ஸ்பிரிட்டே கீழே உள்ள சாயத்தைக் கரைத்து மேலே இழுத்துக்கொள்ளும். மேலே வந்த சாயம் வியர்வை பட்டாலும் வரும், சோப்புத் தண்ணீர் பட்டாலும் வரும். இதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"சார், இது நிக்காது. கையில ஒட்டும்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

"மாஸ்டர், நிக்குதோ ஒக்காருதோ, திங்கக்கெழம பாஸாகணும். வழி சொல்லுங்க."

வழி சொன்னதும் அவர்தான். இதுதான் இப்போது நெஞ்சை அறுத்தது. "முன்னாடி நிக்கிற ரெண்டு டெஸ்க்குக்கு மட்டும் இன்னைக்கே வார்னிஷ் போட்டுடறேன் சார். அதுக்குப் பின்னாடி அதிகாரி வர மாட்டாரு. யாரு பாக்கப் போறாங்க?" கான்ட்ராக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். இவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கிடங்கு முற்றத்தில் வரிசையாக நின்ற டெஸ்க்குகளைப் பார்க்க அதிகாரி வந்தார். கைக்குட்டையை நனைத்து முன்னால் இருந்த டெஸ்க்கைத் துடைத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் லஞ்சம்கூட வாங்கவில்லை. வெயில் அதிகம், பின்வரிசை தூரம், அவ்வளவுதான். லஞ்சம் இல்லாமலே ஏனோதானோவில் எவ்வளவோ நடந்துவிடுகிறது.

மகளின் சட்டைக் கறையைப் பார்த்த மறுநாள் காலை, அப்பா கான்ட்ராக்டரிடம் போய் நின்றார். "எல்லாத்தையும் தேச்சு எடுத்துட்டு வார்னிஷ் போடணும் சார். புள்ளைங்க கையில ஒட்டுது."

"பாஸான டெஸ்க்க மறுபடி தொட்டா, ஏன் தொட்டேன்னு கேள்வி வரும். உனக்கெதுக்கு இந்த வம்பு?" நேற்றுவரை மாஸ்டர், இன்றைக்கு ஒருமை. "போய் வேற வேலை இருந்தாப் பாரு."

அது வேலையை விட்டு நிறுத்தியதா, வெறும் கோபமா என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் தெம்பில்லை. நேராகப் பள்ளிக்கு நடந்தார்.

இடைவேளை. மகளின் வகுப்பில் யாருமில்லை. குழாயில் கைக்குட்டையை நனைத்து முன்வரிசை இரண்டு டெஸ்க்குகளையும் துடைத்தார். வெள்ளை. அதிகாரிக்குக் காட்டிய இரண்டும் இந்த வகுப்புக்கே வந்திருந்தன. அடுத்த வரிசையில் ஒரே ஒரு இழுப்பு. பழுப்பு, விளிம்பில் இளஞ்சிவப்பு.

"யாருங்க நீங்க? இங்க என்ன பண்றீங்க?" வாசலில் டீச்சர். ஒரு கையில் நோட்டுக் கட்டு, கண்ணில் தூக்கமின்மை.

அவர் கைக்குட்டையை நீட்டினார். மகள் பெயரைச் சொன்னார். வார்னிஷ், சாயம், திங்கட்கிழமை, முன்னால் நின்ற இரண்டு டெஸ்க் என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியில், "அழுக்கு புள்ளைங்க கையில இல்ல டீச்சர், என் வேலையில" என்றார்.

டீச்சர் நோட்டுக் கட்டை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு மாசமா அந்தப் புள்ளைங்களப் பின்னாடி நிக்க வெச்சிருக்கேன்." கைக்குட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சட்டையத்தான் பாத்தேன். டெஸ்க்க ஒரு நாளாவது தொடச்சுப் பாத்தேனா? நாப்பது பேர வெச்சு மாரடிக்கிறதுல எதையும் நின்னு பாக்கவே தோணல."

"இன்னைக்கு சாயந்தரமே ஆரம்பிச்சுடறேன் டீச்சர். பழச எல்லாம் ஸ்பிரிட்டாலயே தொடச்சு எடுத்துட்டு, தேச்சு, வார்னிஷ் ரெண்டு கை போடறேன். யாரும் எதுவும் தர வேணாம்."

"போடுங்க. எச்.எம்.கிட்ட நான் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி, எங்கிட்ட சொன்னத புள்ளைங்ககிட்டயும் சொல்லணும். நானும் சொல்ல வேண்டியது இருக்கு."

மணி அடித்தது. அவருக்கு வியர்த்தது. அதிகாரி முன்னால் கை கட்டி நின்றபோதுகூட வியர்க்காத மனிதர். பிள்ளைகள் உள்ளே ஓடி வந்தார்கள். மகள் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சட்டைக் கறைக்காகத்தான் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஓடிப்போய்விடலாமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவரை அந்தக் கைதான் நிறுத்தியது.

"இந்த டெஸ்க்குக்கெல்லாம் சாயம் போட்டது நான்தான்" என்று ஆரம்பித்தார். "ரெண்டுக்கு மட்டும் ஒழுங்கா போட்டேன். மத்ததுக்கு ஏனோதானோன்னு போட்டேன். அந்தச் சாயம்தான் உங்க சட்டையில ஒட்டுது. நீங்க யாரும் எதுவும் பண்ணல."

பிள்ளைகள் தங்கள் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "அப்போ நாங்க அழுக்குப் புள்ளைங்க இல்லையா?"

"இல்ல" என்றார் டீச்சர் முந்திக்கொண்டு. "நான்தான் சரியாப் பாக்காம திட்டிட்டேன். தப்பு என்னோடது. இனிமே யாரும் பின்னாடி நிக்க வேணாம்."

மகள் மெல்ல அப்பா பக்கத்தில் வந்தாள். அவளுக்குக் கோபமா வருத்தமா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மத்த க்ளாஸ் டெஸ்க்குக்கும் போடுவியாப்பா?"

"போடுவேன்."

"மத்த ஸ்கூல்ல இருக்கறதுக்கு? அங்க உன்ன யாருக்கும் தெரியாதே. யாரும் பாக்க மாட்டாங்களே."

அவர் குனிந்து, உரிந்துபோன அந்த முழங்கையைத் தன் பழுப்புக் கையில் வாங்கிக்கொண்டார். எத்தனை மாதம் ஆகும், எந்த வருமானத்தில் செய்வது என்று எதுவும் தெரியவில்லை.

"அங்கயும் போடுவேன் கண்ணு. யாரு பாக்கப் போறாங்கன்னு அன்னைக்கு நான் விட்ட வேலைக்கு, ஒரு மாசமா நீங்கல்ல தல குனிஞ்சு நின்னீங்க. பாக்குறவங்களுக்காக மட்டும் ஒழுங்கா செஞ்சா அது வேல இல்ல, ஏமாத்து. யாரும் பாக்காத எடத்துலதான் இன்னும் ஒழுங்கா செய்யணும். ஏன்னா அங்கயும் யாரோ ஒரு புள்ள கைய ஊனி எழுதிக்கிட்டு இருக்கு."