நெஞ்சின்மேல் வந்து படுத்தவள்

முட்டத்துக் கடலில் வள்ளம் இறக்குகிற கிளீட்டஸுக்கு, மனைவி அஜிஷாவை மாத்திரை விழுங்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆறாம் மாதத்திலேயே அவளுக்குப் பிரஷர் ஏறி, முகமும் காலும் வீங்கிவிட்டன. "பிள்ளைக்கு ஆகாது," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் தண்ணீரோடு நின்று விழுங்க வைப்பான்.

எட்டாம் மாதம் பிறக்குமுன்னே பிரஷர் கைமீறிப் போயிற்று. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. அழுகை எழும்பவில்லை, இதயம் மெதுவாகத் துடித்தது, ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கிக்கொண்டே போனது.

"தாய் எடுத்த மாத்திரை பிள்ளைக்கும் போயிருக்கு. அதனாலயும் இப்படி ஆகும்," என்றார் டாக்டர் தேவகனி.

கிளீட்டஸ் சொன்னான்: "அவ வேண்டாம்னாக்கும் சொன்னா டாக்டர். நாந்தான் விடாம குடுத்தேன்."

"குடுக்காம இருந்தா தாய்க்கு வலிப்பு வந்திருக்கலாம். ரெண்டு உயிரும் போயிருக்கலாம். மாத்திரைக்க வேகம் தானா எறங்கிரும். அதுவரைக்கும் நாங்க பிள்ளையப் பாத்துக்கிடுவோம்."

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளின் தோல் வழியே நரம்புகள் தெரிந்தன. குளுக்கோஸ் இறங்குகிற ஊசி அவள் கையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எழும்பித் தாழ்ந்தது. இத்தனை சிறிய உடம்புக்குள்ளும் எல்லாம் இருக்கிறதே என்று பார்த்தபடியே நின்றான். சாப்பிடப் போகவும் தோன்றவில்லை.

சில நாளில் துடிப்பு சீராகிவிட்டது. சர்க்கரையும் நிலைத்து நின்றது. அஜிஷா இன்னும் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. டாக்டர் அவனைக் கூப்பிட்டார்.

"சட்டையக் கழத்திட்டு இருங்க. இப்ப பிள்ளைக்கு ஒங்க உடம்புச் சூடு வேணும்."

நர்ஸ் பிள்ளையை அவன் நெஞ்சின்மேல் கிடத்தி, துணியால் மூடினாள். கனமே தெரியவில்லை. மூச்சை இழுத்துவிட்டால் சரிந்துவிடுவாளோ என்று முதலில் பயந்தான். பிறகு தன் துடிப்புக்கு மேலே, அதைவிட வேகமாக, இன்னொரு துடிப்பை உணர்ந்தான். ஒரு நொடி சும்மா இருக்கத் தெரியாதவன், கால் மரத்துப்போகிற வரை அசையவில்லை.

அன்று மாலை அஜிஷா கேட்டாள்: "பிள்ளை யாரு சாயலு?"

"தெரியல ஏட்டி. முகத்தப் பாக்கணும்னே தோணல. இம்புடு போல இருந்துக்கிட்டு அவ மூச்சு விடுகா பாரு, அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் அவளைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனார்கள். பிள்ளையை அவள் மார்பில் கிடத்தியதும், கிளீட்டஸ் துணியை இழுத்து இருவரையும் சேர்த்து மூடினான்.