சவரியம்மாள் இறங்க வேண்டிய கரை

...இறங்கித்தான் ஆக வேண்டும், ஏழாம் அத்தியாயத்திலும் கப்பலிலேயே நிற்க வைத்தால் எந்தப் பிள்ளை படிக்கும், ஆனால் சவரியம்மாளின் கால் இறங்குபலகையில் படவே மாட்டேன் என்கிறது, மூன்று நாளாக ஆன்மேரி தன் கதை நோட்டில் அவளை அதே இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாள். நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்து அனாதை மடத்திலிருந்து புறப்பட்ட பன்னிரண்டு பெண்கள், பர்மாவில் காட்டை வெட்டி நெல் போட்ட புதுக் குடியேற்றத்துக்கு, முகம் தெரியாத ஆண்களுக்கு மனைவியாகப் போகிறவர்கள், கரையில் அந்த ஆண்கள் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு வரிசையாக நிற்கிறார்கள்... இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? சென்னைப் பதிப்பகத்து ருக்சார் மேடம் போனில் சொன்னார், "குழந்தைங்க கதைம்மா, பயமுறுத்தாதீங்க, அவ சிரிச்சுக்கிட்டே இறங்கட்டும்." சிரிக்கட்டும், ஒரே வரிதானே, ஆனால் எதைப் பார்த்துச் சிரிப்பாள்?

மத்தியானமே கரண்ட் போய்விட்டது, மின்விசிறி நின்ற அறையில் ஐந்து மாடிக்குக் கீழே, அதே பர்மாவின் பசுந்தாங் தெருவில், பஸ்காரன் ஊர்களின் பெயரைக் கத்துவது தெளிவாகக் கேட்கிறது, இன்சீன், இன்சீன் என்கிறான், அக்கம்பக்கத்துக்கு ஆன்மேரி இப்போது இன்சீனில்தான் இருக்கிறாள், பெரியம்மா வீட்டில், அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். கட்டாயப் பட்டாளத்துக்குப் பெண்பிள்ளைகள் பெயரையும் எடுக்கிறார்கள் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து, இரண்டு மாதமாக, பால்கனிக்குப் போகக் கூடாது, தும்மக் கூடாது, கீழ்வீட்டுக்குக் கேட்காமல் பாதத்தை மெல்ல வைத்து நடக்க வேண்டும்... இருபத்து நான்கு வயதில் தன் வீட்டிலேயே திருடி மாதிரி நடக்கப் பழகியாகிவிட்டது. சவரியம்மாளுக்காவது கப்பலின் மேல்தளம் இருந்தது, காற்று இருந்தது.

அம்மா இராஜகுமாரி கதவைத் தட்டாமல் வந்தாள். "நாலு மணிக்கு அந்தத் தம்பி கூப்பிடும் புள்ள, மூஞ்சியில இருக்கிற தனாக்காப் பூச்சக் கழுவு. இன்னிக்குப் பதில் சொல்லிடணும்." சொல்லலைன்னா என்றாள் ஆன்மேரி. "இங்கயே கெடக்க வேண்டியதுதான். எத்தன நாளைக்கு ஒன்ன ஒளிச்சு வப்பேன், சொல்லு?" குரலில் கோபம் இல்லை, களைப்புதான், அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை. பினாங்கில் ஏசி மெக்கானிக், முப்பத்தெட்டு வயது, கிறிஸ்டோபர், ஒரு போட்டோ, இரண்டு போன் பேச்சு, நல்லவராகத்தான் தெரிகிறார், நல்லவர் என்பது கட்டிக்கொள்ளப் போதுமா, போதாது என்று சொல்ல எனக்கு இப்போது என்ன இருக்கிறது?

சரியாக நாலுக்குக் கூப்பிட்டார். "ஒங்கம்மா சரின்னுட்டாங்க. ஆனா நான் ஒங்ககிட்டதான் கேக்கணும். நெஜமாவே இஷ்டமா? இல்லன்னா சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்." இதை அவள் எதிர்பார்க்கவில்லை, இந்த இரண்டு மாதத்தில் யாருமே கேட்காத கேள்வி, இல்லை என்றால் இல்லைதான், அவ்வளவு சுலபம், அவர் போனை வைத்துவிடுவார், அப்புறம் இந்த அறை, மெல்ல வைக்கும் பாதம், அம்மாவின் முகம்... "இஷ்டந்தான்" என்றது ஒரு குரல், தெளிவாக, தடுமாறாமல். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அழுதாள். அவர் நன்றி சொன்னார், மெய்யாகவே நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

நோட்டு விரித்தபடியே கிடந்தது. அந்தப் பெண்களிடம் யாருமே சம்மதம் கேட்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்... கேட்டிருப்பார்களோ, மடத்துச் சிஸ்டர் ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு, இஷ்டமில்லை என்றால் சொல் மகளே என்று அன்பாகவே கேட்டிருப்பாளோ, பன்னிரண்டு பேரும் தெளிவான குரலில் இஷ்டந்தான் என்றிருப்பார்களோ? கிறிஸ்டோபர் கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்காமல் கூட்டிப்போயிருந்தால் காலமெல்லாம் அவர் மேல் கோபப்பட்டுக்கொண்டாவது இருந்திருக்கலாம், இப்போது யார் மேல் கோபப்படுவது...