தேய்த்தால் போகாத கறுப்பு

நான்காவது தடவையும் அண்ணனின் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார் சலவைக்கடைக்காரர். கறுப்பு போகவில்லை; விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியிருந்தது. அங்கிருந்து வெள்ளைப் போர்வைக்கும் குடிபோயிருந்தது.

முந்தின நாள் கல்லூரி ஆய்வகத்தில் அண்ணன் சரிந்தபோது, வலது கை அவர் செய்துவைத்திருந்த காந்தப் பொடிக் கரைசலின் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் போய்விட்டதாம். உயிர் அவரை விட்டது, இரும்புப் பொடி விடவில்லை.

"இன்னும் ஒரு மணி நேரத்துல பொண்ணு வந்துடுவா," என்றாள் அண்ணி. "அப்பா கை கறுப்புன்னு சின்னதுலேர்ந்து தொட்டதே இல்ல. இன்னைக்காவது பிடிச்சுக்கட்டும், தம்பி."

பிறத்தியார் துணியின் வாந்தியையெல்லாம் மூக்கைப் பிடிக்காமல் வெளுத்த மனிதர்தான் தம்பி. ஆனால் இந்தக் கறுப்பைப் பார்த்தால் மட்டும் குமட்டும். இரண்டு வகை இரும்பு உப்பை ஒன்றுக்கு இரண்டாகக் கரைத்து, அண்ணன் அம்மோனியா ஊற்றுவார்; துருத்தண்ணீர் கண்ணெதிரே கறுந்தாராகும். எண்ணெயில் கொதிக்கவைத்தால் துகள் ஒரே அளவில் வருமே என்று யாராவது சொன்னால், "அது பணக்காரன் சமையல்" என்பார். அவர் சாப்பிட உட்கார்ந்தால் கரண்டிகள் அவர் பக்கம் நகரும் என்று ஒரு பேச்சு உண்டு. கரண்டி நகர்ந்ததோ என்னவோ, மனிதர்கள் எதிர்ப்பக்கம் நகர்ந்தது சத்தியம். அம்மோனியாவின் மூத்திரச் சந்து நாற்றம்.

எலுமிச்சை தோற்றது. மண்ணெண்ணெய் தோற்றது. கடையின் ரகசிய மருந்து தோற்றதோடு நில்லாமல் கட்டிலின் பெயின்டையும் உரித்தது.

ஒருநாள் கடைக்கு வந்து அண்ணன் சிரித்தது நினைவுக்கு வந்தது. "தேய்க்காதடா மடையா. தேய்ச்சா பொடி ரேகைக்குள்ள போய் உக்காந்துக்கும். வெளிய நின்னு கூப்பிடணும்."

"ஏன், உன் பொடிக்குக் காது இருக்கா?" என்று அன்று இவர் கேட்டிருந்தார்.

"அண்ணி, அண்ணனோட காந்தம் எங்க?" என்றார் இப்போது.

தீப்பெட்டி அளவில் ஒன்றைக் கொண்டுவந்தாள். மூன்று கரண்டிகள் ஒட்டியிருந்தன. பிடுங்கிப் போட்டு, காந்தத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி, நுரை பூசிய கைமேல் மெல்ல ஓட்டினார். ரேகைகளிலிருந்து கறுப்பு மயிர் மயிராக எழுந்து ஒட்டியது, செத்த எலியின் முதுகுபோல.

"சீ!" என்றார். காந்தத்தை உருவிவிட்டு வாளித் தண்ணீரில் பையை உதறினார். மறுபடி ஓட்டினார். ஏழாவது சுற்றில் கை வெளுத்தது.

அண்ணி வெகுநேரம் பார்த்தாள். "யார் கையோ மாதிரி இருக்கு," என்றாள்.

மகள் வந்தாள். இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சலவைக்கடைக்காரர் பிளாஸ்டிக் வாளியோடு கொல்லைச் சாக்கடைக்குப் போனார். தண்ணீர் தாராக இருந்தது. வாளியின் வெளிப்பக்கம் காந்தத்தை வைத்தார். கறுப்பு மொத்தமும் மெதுவாக அந்தப் பக்கம் வந்து ஒட்டி நின்றது. காந்தத்தை எடுத்தார். சரிந்து இறங்கியது.

"சித்தப்பா, கொட்டிட்டு வாங்க," உள்ளிருந்து குரல் வந்தது.

"வரேம்மா."

ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காந்தத்தை மறுபடி வைத்தார். வந்தது.