மாதையன் வாய்க்காலின் தலைக்கல்

1.
இந்தக் கதையைக் கோபத்தில் தொடங்கினேன். நெல்லிவாசல்நாட்டுக் கோயில் விருந்தில், ஊரார் முன்னால், என் சம்பந்தியம்மா பாஞ்சாலை கேட்டார்:

"இன்னாங்கண்ணா, உங்கப்பா வெட்டின வாய்க்காலு மழத்தண்ணிய ஒரே ஓட்டமா எங்களத் தாண்டி கீழ அனுப்பிடுது. மாசியில எட்டிப் பாத்தா எங்க கெணத்துல தவள கூட இல்ல. அதுவும் வாய்க்கால்லயே போய்ட்டுது போல."

பந்தி சிரித்தது. இலையை மூடிவிட்டு எழுந்தேன். பதிலை எழுத்தில் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

2.
முதல் தொடக்கம்: "என் தந்தை மாதையன், புலி உலவிய காலத்தில்—" (இல்லை. அப்பா புலியைப் பார்த்ததே இல்லை. பொய் சொல்லிக் குடும்பப் பெயரைக் காக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது.)

இரண்டாவது: "இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளம். கோரை மண்டிய சதுப்பு. அப்பா வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார். நெல் விளைந்தது."

சரிதான். ஆனால் பெருமை போதவில்லை. அவர் பட்ட பாடு தெரிய வேண்டுமானால் அந்தச் சதுப்பின் கொடுமை தெரிய வேண்டும். சேர்த்தேன்: "சித்திரை வெயிலிலும் அந்தச் சேற்றில் எருமை வயிறுவரை புதையும்."

3.
நான் சொல்லச் சொல்லக் கைபேசியில் தட்டச்சு செய்பவள் மருமகள் அருணா, பாஞ்சாலையின் மகள். அந்த வரியில் அவள் விரல் நின்றது.

"சித்திரையிலயுமா மாமா?"

"ஆமாம்மா. பேஞ்ச மழையெல்லாம் அங்கதான் ஊறிக் கெடக்கும். கொஞ்சங் கொஞ்சமா கசியும்."

"எங்க கசியும்?"

"கீழ, ஓடைக்கு."

"அந்த ஓடைப் பக்கந்தானுங்களே எங்கம்மா கெணறு?"

"அடுத்த வரிய அடிம்மா" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவள்.

(அடிக்குறிப்பு: எருமை வரியை நீக்கிப் பார்த்தேன். அதோடு அப்பாவின் உழைப்பும் கதையை விட்டுப் போய்விட்டது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

4.
பாஞ்சாலையை வாயாடியாக எழுதியிருந்தேன். அது நிற்காது. வரும் மாசியிலும் கிணறு வற்றினால் நிலத்தை விட்டுவிட்டு மாடுகளோடு மலையிறங்கப் போவதாகவும் விருந்தில் சொன்னார். கதைக்குத் தேவையில்லை என்று விட்டிருந்தேன். தேவைதான்.

முடிவு ஒன்று: வாய்க்கால் ஓடுகிறது. அவர்கள் இறங்கிப் போகிறார்கள்.

முடிவு இரண்டு: நான் அவர்கள் வீட்டுக்குப் போய், அம்மா, எங்கப்பா செய்தது— (எழுத வரவில்லை. வந்தாலும் எழுத மாட்டேன்.)

5.
வாய்க்கால் பள்ளத்தை விட்டு வெளியேறும் இடத்தில் அப்பா பெயர் பொறித்த கல் நிற்கிறது. நேற்று கயிறு பிடித்து அளந்தேன். குறுக்கே சாய்த்து மண் அணைத்தால் வாய் அடைபடும். என் நெல்வயல் மறுபடி சேறாகும். ஐப்பசி மழைக்கு முன் முடிக்கும்படி ஆட்களுக்குச் சொல்லியாயிற்று.

ஒன்றுதான் தீரவில்லை. கல்லைச் சாய்க்கும்போது மாதையன் என்ற பெயர் வானத்தைப் பார்க்க வேண்டுமா, சேற்றைப் பார்க்க வேண்டுமா?

நீங்கள் சொல்லுங்கள். பாஞ்சாலையிடம் கேட்க மாட்டேன்.