முப்பத்தொன்றாவது கையெழுத்து

லிஃப்டில் ஒட்டியிருந்த தாளின் இடது பக்கத்தில் அன்று மதியம் இருபத்தெட்டு கையெழுத்துகள் இருந்தன. வாசலோர மின்கார் சார்ஜர்களை எடுத்துவிட வேண்டும் என்பவர்கள் இடது பக்கம், இருக்கட்டும் என்பவர்கள் வலது பக்கம். வலதில் இருபத்திரண்டு. எங்கள் 103ஆம் கட்டடத்தில் அறுபது வீடுகள். முப்பத்தொன்று சேர்ந்த பக்கம் ஜெயித்துவிடும். கையெழுத்துக்குப் பக்கத்தில் வீட்டு எண்ணும் இருந்ததால் யார் எந்தப் பக்கம் என்பது லிஃப்டில் ஏறும் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு மாலை தாளை எடுத்துவிடுவார்கள். அதுவரை ஒவ்வொரு முறை ஏறும்போதும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கோடையில் வேறோர் ஊரில், அடுக்ககத்தின் நிலத்தடியில் ஒரு மின்கார் எரிந்ததைச் செய்தியில் பார்த்தோம். அதன்பிறகு மின்கார் வாங்க ஆளில்லாமல் பழைய வண்டிகளின் விலை விழுந்தது. மீன் குளிர்கிடங்கில் வெப்பநிலை குறிக்கும் வேலை பார்க்கும் என்னால் ஒன்று வாங்க முடிந்ததே அதனால்தான். அதே பயத்தில்தான் அக்டோபரில் எங்கள் நிலத்தடி சார்ஜர்களுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். மேலே, வாசலோரம் இருந்த இரண்டு மட்டும் மிஞ்சின. இப்போது அவற்றுக்குத்தான் இந்தத் தாள்.

அவையும் போனால் என் மாலை வகுப்பு போய்விடும். குளிர்பதன இயந்திரப் பயிற்சிக்கு எங்கள் ஊர் வொன்ஜுவிலிருந்து பக்கத்து நகரம் சுங்ஜு வரை போகவேண்டும். வகுப்பு 9.40க்கு முடிகிறது, கடைசிப் பேருந்தோ 9.10க்கு. குளிர்காலத்தில் பேட்டரி வேறு சீக்கிரம் இறங்கிவிடும். வெளியே பொதுச் சார்ஜரில் மூன்று நாள் நின்று பார்த்தேன். குறைந்தது ஐம்பத்தைந்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. வகுப்பின் முதல் மணிநேரத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு வருகைப்பதிவு கிடையாது. எப்படி மாற்றி மாற்றிப் பார்த்தாலும் வேறு வழி தெரியவில்லை. நான் எதையாவது விட்டுவிட்டேனோ என்று மறுபடியும் பார்ப்பேன். விடை மாறாது.

அன்று சனிக்கிழமை. நான்கு மணிக்குச் செய்முறைத் தேர்வு. 2.35க்குக் கீழே இறங்கினேன். சார்ஜரில் நின்ற என் வண்டிக்குப் பின்னால், குறுக்கே, ஒரு சாம்பல்நிற வண்டி நின்றது.

இடமில்லாதபோது குறுக்கே நிறுத்துவது எங்கள் அடுக்ககத்தில் தப்பில்லை. கியரை நியூட்ரலில் விட்டுவிட்டுப் போகவேண்டும், கண்ணாடிக்குக் கீழே தொலைபேசி எண்ணை வைக்கவேண்டும். உள்ளே மாட்டியவர் வண்டியைத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிடுவார். நானும் பையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்தேன். பனியில் என் ஷூதான் வழுக்கியது. குனிந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. அதுவும் மின்கார். சில மின்கார்களை நியூட்ரலில் விட்டாலும், அணைத்ததும் அதுவாகவே பூட்டிக்கொள்ளும். அப்படியாகாமல் இருக்க முன்கூட்டியே திரையில் ஓர் இடத்தில் அழுத்தவேண்டும். புதிதாக வாங்கியவருக்குத் தெரிந்திருக்காது. கண்ணாடியில் தொலைபேசி எண் இல்லை. அலுவலகம் தரும் வீட்டு எண் ஸ்டிக்கரும் இன்னும் ஒட்டப்படவில்லை.

டாக்ஸி ஆப்பில் சுங்ஜு என்று போட்டேன். ஒருவரும் ஏற்கவில்லை. 2.44.

காவலறையில் காவல்காரர் மா அண்ணன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை என்பதால் அலுவலகம் பூட்டியிருந்தது, வண்டிப் பதிவேடும் உள்ளே.

"மைக்கில சொல்லிடறேன். சாம்பல்கலர் எலக்ட்ரிக் வண்டி, அதானே?"

"எலக்ட்ரிக்னு சொல்ல வேணாம்ணே. நம்பர் மட்டும் போதும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு லிஃப்ட் இருந்த பக்கம் பார்த்தார்.

"ஓ. அந்தத் தாளா. 1104 பொண்ணு, நீ பலே ஆளுதான்."

அவர் குரல் அறுபது வீடுகளின் கூடத்து ஒலிபெருக்கியிலும் ஒலித்தது. வண்டி எண்ணை இரண்டு முறை சொன்னார். காத்திருந்தோம். யாரும் வரவில்லை. 2.52க்கு மறுபடி சொன்னார்.

"புது வண்டிம்மா. அவனுக்கே நம்பர் மனசுல நின்னிருக்காது. யாரோடதோன்னு டிவி பாத்துட்டு உக்காந்திருப்பான்."

"வீடு வீடா போய்க் கேக்கட்டுமா?"

"அறுபது பெல்லு. போ, போய் அடி. பரீட்சை அடுத்த வருஷமும் வரும்."

3.05க்குள் கிளம்பினால்தான் நான்கு மணிக்குப் போய்ச் சேர முடியும். எலக்ட்ரிக் என்று சொன்னால் அந்த ஆள் வருவார். கூடவே, வழியை அடைத்து நிற்பது மின்கார்தான் என்று கட்டடம் முழுக்கத் தெரியும். இடது பக்கத்துக்கு இன்னும் மூன்று கையெழுத்துதான் பாக்கி. சொல்லாவிட்டால் தேர்வு போகும். தேர்வு போனால் இரண்டாம் பருவத்தில் சேர்க்கமாட்டார்கள். அப்புறம் சார்ஜர் இருந்து என்ன?

"சொல்லிடுங்கண்ணே."

"எப்படின்னு?"

"எலக்ட்ரிக்னே சொல்லுங்க."

மா அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "சார்ஜருக்கு முன்னால வழிய அடைச்சு நிக்கிற சாம்பல்நிற எலக்ட்ரிக் வண்டிக்காரர் உடனே கீழ வரவும். ஒரு பொண்ணு பரீட்சைக்குப் போகணும்." கடைசி வரியை அவராகச் சேர்த்தார்.

பால்கனி ஜன்னல்கள் திறந்தன. இரண்டாம் மாடியிலிருந்து தாக் அம்மாள் எட்டிப் பார்த்தார். ஏழாம் மாடியிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

"தள்ளக்கூட முடியாத வண்டிய எதுக்குய்யா வாங்குறீங்க?"

ஈரத்தலையோடு, குளியலறைச் செருப்போடு ஒருவர் ஓடிவந்தார். 1502இல் இருக்கும் பியோ. அவர் முகம் காதுவரை சிவந்திருந்தது.

"மன்னிச்சுக்கம்மா. நியூட்ரல்லதான் விட்டேன், சத்தியமா. பழைய வண்டிய அப்படி விட்டா தள்ளிடலாம். நீ எடுத்ததும் சார்ஜ் போடலாம்னு..."

"நம்பரையாவது வச்சிருக்கலாம்லண்ணே."

"அந்த அட்டை பழைய வண்டியோட போயிருச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "எலக்ட்ரிக் வாங்குனத இன்னும் யாருகிட்டயும் சொல்லல. அதான் தாள்லயும் கையெழுத்துப் போடல."

"இப்பவாவது போடுங்க" என்றேன். கோபமாகச் சொன்னேனோ என்று சுங்ஜு வரை நினைத்துக்கொண்டு போனேன்.

3.58க்கு உள்ளே நுழைந்தேன். செம்புக் குழாய்களைப் பற்றவைத்தேன். கசிகிறதா என்று பார்க்க அழுத்தம் ஏற்றி, நீரில் அமிழ்த்தினார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. மேற்பார்வையாளர் சரி என்று தலையசைத்தார்.

திரும்பி வந்தபோது ஏழு மணி. லிஃப்டில் தாக் அம்மாள் முட்டைக்கோஸ் பையோடு நின்றார். நான் முதலில் வலது பக்கத்தைப் பார்த்தேன். இருபத்துமூன்று. கடைசியாக 1502. பிறகு இடது பக்கம். 702, 1301, 204. முப்பத்தொன்று.

204 தாக் அம்மாளின் வீடு.

"பரீட்சைக்குப் போய்ச் சேந்தியா?"

"சேந்தேம்மா."

"நல்லது." பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "நான் கையெழுத்துப் போட்டது என்னமோ அந்த மைக்குனாலதான்னு நெனப்ப. அது இல்ல. காலையிலேயே முடிவு பண்ணிட்டேன். அந்த சார்ஜர் என் பேரன் தூங்குற ஜன்னலுக்கு நேர் கீழ இருக்கு."

இதற்குப் பதில் நான் பல நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ஆயிரம் வண்டிக்கு எத்தனைன்னு பாத்தா, பெட்ரோல் வண்டிதாம்மா அதிகமா எரியுது."

"இருக்கட்டும். அது எரிஞ்சா அணைச்சிருவாங்கல்ல?"

"அணைச்சிருவாங்க."

"உன்னோடது?"

இல்லை, அதுவும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருக்கக்கூடும்.

"நேரமாகும்" என்றேன். "ரொம்ப நேரமாகும்."

"ம்" என்றார். இரண்டாம் மாடியில் கதவு திறந்தது. அவர் ஒரு முட்டைக்கோஸை எடுத்து என் கையில் வைத்துவிட்டு இறங்கினார்.

என் பதினொன்றாம் மாடியில் கதவு திறந்தது. இறங்காமல் இடது பக்கத்தை மறுபடி மேலிருந்து எண்ணினேன். கையெழுத்து புரியாத இரண்டை வீட்டு எண்ணோடு சரிபார்த்தேன். எதுவும் இரண்டு முறை வரவில்லை. எண்ணி முடிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. யாரோ கீழே பொத்தானை அழுத்தியிருக்கவேண்டும், லிஃப்ட் என்னோடு இறங்கத் தொடங்கியது.